ஆள் ஏறாத ராணுவ விமானம்!

நான்கு எஞ்சின்கள். பருத்த வயிறு. வால் பக்கத்தில் சாய்வாகத் திறக்கும் பெரிய கதவு. பார்த்தால் அசல் ராணுவ விமானம்தான். ஆனால் அதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, மைதானத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம்!

விமானத்துக்குள் விமானி இல்லை. அவர் தரையில் நிற்கிறார். அவர் கையில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. பெட்டியில் உள்ள குச்சியை விரலால் தள்ளுகிறார். விமானம் ஓடுகிறது. எழும்புகிறது. வானத்தில் வட்டம் போடுகிறது.

இது வெறும் விளையாட்டா? இல்லை. இந்த விளையாட்டில் இருந்துதான் இன்றைய ஆள் இல்லாத விமானங்கள் பிறந்தன. வெடியும் வாணமும் செய்யும் சிவகாசிச் சீமைக்கும் இதில் படிக்கப் பாடம் உண்டு. பயப்படவும் காரணம் உண்டு.

சுமை தூக்கும் வீரன்

ராணுவ விமானம் என்றதும் சண்டை விமானம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் படைக்குச் சோறும் மருந்தும் ஆட்களும் கொண்டுபோகும் விமானம் இல்லை என்றால் சண்டையே நடக்காது. அதுதான் சரக்கு விமானம்.

1947-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி காஷ்மீரைக் காக்க நமது படை ஸ்ரீநகரில் போய் இறங்கியது. அந்த வீரர்களைச் சுமந்து சென்றவை "டகோட்டா" விமானங்கள். இரண்டே எஞ்சின் கொண்ட சரக்கு விமானம் அது.

இன்று நமது விமானப்படையில் "ஹெர்குலிஸ்" என்ற நான்கு எஞ்சின் விமானம் இருக்கிறது. இந்த இன விமானம் முதன்முதலில் பறந்தது 1954-ல். அமெரிக்காவில் செய்யப்பட்டது. நமது படையில் 2011-ல் சேர்ந்தது.

2013-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி லடாக்கில் உள்ள தௌலத் பெக் ஓல்டி என்ற இடத்தில் ஹெர்குலிஸ் இறங்கியது. அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் 16 ஆயிரத்து 614 அடி உயரம்! மூச்சு விடவே காற்று போதாத இடம் அது.

இப்படிப்பட்ட விமானத்தைத்தான் மாதிரி விமானம் செய்பவர்கள் ஆசையோடு தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் என்ன? இறக்கை உடம்பின் மேல்புறம் இருக்கிறது. அதனால் ஆடாமல் பறக்கும். வயிறு பெரிது. பேட்டரி, கம்பி எல்லாவற்றையும் உள்ளே வைக்க இடம் தாராளம்.

8 அடி இறக்கை

அசல் ஹெர்குலிஸ் விமானத்தின் இறக்கை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை 40 மீட்டருக்குச் சற்று அதிகம். மூக்கில் இருந்து வால் வரை சுமார் 30 மீட்டர்.

இதைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்வதாக வைத்துக்கொள்வோம். இறக்கை இரண்டரை மீட்டர் வரும். அதாவது 8 அடிக்கு மேல். நீளம் ஏறக்குறைய 6 அடி. ஒரு ஆள் உயரம்!

எடை எவ்வளவு வரும்? அசல் விமானம் முழுச் சுமையோடு சுமார் 70 டன். பதினாறில் ஒரு பங்கு என்றால் நான்கு டன்னுக்கு மேல் வருமே என்று நினைக்கலாம். அப்படி அல்ல.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒரு பங்காகக் குறைகின்றன. அதனால் எடை 4 ஆயிரத்து 96-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கணக்குப் போட்டால் சுமார் 17 கிலோதான்.

இறக்கையின் பரப்போ 256-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. எடை அதிகம் குறைகிறது. இறக்கை அவ்வளவு குறையவில்லை. ஆகவே சின்ன விமானம் மெதுவாகப் போனாலும் விழாமல் பறக்கும். இதுதான் மாதிரி விமானத்தின் ரகசியம்.

எலும்பும் தோலும்

விமானத்தின் எலும்புக்கூட்டை மெல்லிய மரத்தால் செய்கிறார்கள். அதற்கு உகந்தது பால்சா மரம். தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டில் இருந்து வருவது. கையில் எடுத்தால் மரம் என்றே தோன்றாது. அவ்வளவு லேசு.

மீன் முள்ளைப் போல இறக்கைக்குள் விலா எலும்புகள் நிற்கும். அவற்றின் ஊடே நீளமாக ஒரு கட்டை ஓடும். பாரம் முழுவதையும் தாங்குவது இதுதான். பெரிய விமானத்தில் இதற்குக் கார்பன் குழாய் வைப்பது உண்டு.

மேலே தோல் வேண்டுமே? மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்துகிறார்கள். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் சுருங்கி விறைப்பாக ஒட்டிக்கொள்ளும். கைச்செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்கள் தெர்மாகோல் போன்ற நுரை அட்டையை வெட்டி ஒட்டுகிறார்கள்.

முன்பு சின்ன எண்ணெய் எஞ்சின்தான் இருந்தது. அதற்கு ஊற்றும் திரவத்தில் மெத்தனால் சாராயத்தோடு விளக்கெண்ணெயும் கலப்பார்கள்! பாட்டி வைத்தியத்துக்குப் பயன்படும் அதே ஆமணக்கு எண்ணெய்தான். எஞ்சின் தேயாமல் காக்க அது உதவியது. இன்றும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இப்போது மின்சார மோட்டார்தான் அதிகம்.

வாணம் சொல்லும் பாடம்

தீபாவளி ராக்கெட்டில் நீளமாக ஒரு குச்சி இருக்கும். அது எதற்கு? பாட்டிலில் நிறுத்தி வைக்க மட்டும் அல்ல. குச்சியை ஒடித்துவிட்டால் ராக்கெட் மேலே போகாது. தறிகெட்டுப் பக்கத்து வீட்டுக்குள் ஓடும்!

பின்னால் நீண்டு நிற்கும் குச்சி ராக்கெட்டின் மூக்கைத் திரும்பவிடாமல் நேராக வைக்கிறது. விமானத்தின் வாலும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிவகாசியில் வாணம் கட்டும் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. விமானத்தைச் செய்து முடித்ததும், இறக்கையின் அடியில் இரு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். இறக்கையின் முன் ஓரத்தில் இருந்து கால் பங்கு, அல்லது மூன்றில் ஒரு பங்கு தள்ளி விரல் இருக்க வேண்டும். அப்போது விமானம் தராசு முள் போல மட்டமாக நிற்க வேண்டும்.

மூக்கு சற்றுக் கனத்தால் பரவாயில்லை. விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் ஆபத்து. எழும்பிய சில நொடிகளில் தலைகுப்புற விழும். ஆகவே பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிக்கட்டுகிறார்கள்.

உயிர் எங்கே?

கையில் உள்ள பெட்டி, குச்சியின் அசைவை ரேடியோ அலையாக மாற்றி அனுப்புகிறது. விமானத்துக்குள் ஒரு சின்ன ரேடியோ அதை வாங்குகிறது.

அந்த ரேடியோவில் இருந்து பல கம்பிகள் போகின்றன. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். அதற்கு "சர்வோ" என்று பெயர். சர்வோவின் கை அசைந்தால் ஒரு கம்பி தள்ளும். கம்பி தள்ளினால் வாலில் உள்ள பலகை திரும்பும். விமானமும் திரும்பும்.

இறக்கையின் ஓரப் பலகைகள் விமானத்தைச் சாய்க்கும். வாலின் படுக்கைப் பலகை மூக்கை ஏற்றும், இறக்கும். வாலின் செங்குத்துப் பலகை இடம் வலம் திருப்பும். இந்த மூன்றோடு எஞ்சின் வேகம் ஒன்று. இந்த நான்கையும் இரண்டு கட்டை விரல்களால் ஆள வேண்டும்!

ரேடியோத் தொடர்பு அறுந்துவிட்டால்? எஞ்சின் தானே நின்றுவிடும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கிறார்கள். இதைச் செய்யாமல் பறக்கவிடுவது குற்றத்துக்குச் சமம்.

மணப்பெண் அலங்காரம்

விமானம் தயாரானதும் ஆசைப்படி அதை மாற்றுகிறார்கள். சாம்பல் வண்ணம் பூசி, படையின் மூவண்ண வட்டத்தை வரைகிறார்கள். இறக்கை நுனியில் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. அசல் விமானத்திலும் இப்படித்தான்.

சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்கும். பின் கதவு திறக்கும். உள்ளே இருந்து சின்னப் பெட்டி ஒன்று பாரசூட்டில் இறங்கும். சிறுவர்கள் கைதட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் ஒவ்வொரு அலங்காரமும் ஒரு சுமை. 100 கிராம், 200 கிராம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆசைக்கு அளவு வைக்காதவரின் விமானம் தரையை விட்டுக் கிளம்பாது.

வலது இடது ஆகும்!

பறக்கும் முன்பு ரேடியோவின் தூரத்தைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் சரியான பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறதோ, அதை எதிர்த்து ஓடவிட வேண்டும்.

புதியவர்களைத் திணற வைப்பது ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலதுதான். அது திரும்பி நம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ்! வலது பக்கம் திருப்பினால் நம் கண்ணுக்கு இடது பக்கம் போகும். இந்தக் குழப்பத்தில் உடைந்த விமானங்களுக்குக் கணக்கே இல்லை.

வேகம் குறைந்துவிட்டாலும் ஆபத்து. இறக்கை காற்றைப் பிடிக்காது. ஒரு பக்க இறக்கை தொங்கும். விமானம் கல்லைப் போல விழும். நான்கு எஞ்சின்களில் ஒன்று நின்றால் விமானம் அந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான், முதலில் சின்ன விமானத்தில் பழகிய பிறகே பெரியதைத் தொட வேண்டும் என்கிறார்கள்.

நடிகையும் குட்டி விமானமும்

தூரத்தில் இருந்து ரேடியோவால் ஒரு பொருளை ஓட்ட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி. 1898-ல் நியூயார்க் நகரில் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார்.

1930-களில் ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி மாதிரி விமானப் பைத்தியமாக இருந்தார். அதற்கென்று கடையே வைத்தார். பிறகு அமெரிக்க ராணுவத்துக்கு ரேடியோ விமானம் செய்து கொடுத்தார். பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கு அவை பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன.

அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு ராணுவப் புகைப்படக்காரர் வந்தார். அவரை அனுப்பிய அதிகாரி ரொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர் இவரே! படம் எடுக்க வந்தவரின் கண்ணில் ஒரு இளம் தொழிலாளிப் பெண் பட்டாள். அவள் பெயர் நார்மா ஜீன். அந்தப் படம்தான் அவளுடைய வாழ்வைத் திருப்பியது. உலகம் அவளை மர்லின் மன்றோ என்று அறிந்தது.

1970-களில் இன்னொரு அதிசயம் நடந்தது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தை ஒரு பெரிய ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றிச் செல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. வானத்தில் பிரியும்போது இரண்டும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று அஞ்சினார்கள்.

நாசாவில் வேலை பார்த்த ஜான் கைக்கர் என்ற பொறியாளர் மாதிரி விமானம் செய்வதில் கெட்டிக்காரர். அவர் இரண்டையும் சின்னதாகச் செய்து, ஒன்றின் முதுகில் மற்றொன்றை ஏற்றி, ரேடியோவால் பறக்கவிட்டு, வானத்தில் பிரித்தும் காட்டினார். 1977-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அசல் ஓடமே அப்படிப் பிரிந்து பத்திரமாக இறங்கியது!

குரோம்பேட்டை பள்ளி

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1949-ல் சி.ராஜம் என்ற பெருந்தகை தொடங்கியது. ராமேசுவரத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் அங்கே விமானப் படிப்பில் சேர்ந்தான். சேருவதற்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்காள் ஜொகரா தன் தங்க வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தாள்.

கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்களின் அருகில் அந்த மாணவன் போய்ப் போய் நிற்பான். படிப்பின் முடிவில் தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வரையும் வேலை கிடைத்தது. வேலை மந்தமாக இருப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், "மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்" என்ற எச்சரிக்கை கொடுத்தார். மாணவன் இரவு பகல் பாராமல் உழைத்து முடித்தான். அவர்தான் அப்துல் கலாம்!

அதே எம்.ஐ.டி. மாணவர்களின் "தக்‌ஷா" குழு பின்னாளில் ஆள் இல்லாத விமானங்களில் பெயர் பெற்றது. நடிகர் அஜித்குமாருக்கு மாதிரி விமானங்களில் ஆசை அதிகம். 2018-ல் அவர் இந்தக் குழுவுக்கு ஆலோசகர் ஆனார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் தக்‌ஷா இரண்டாம் இடம் பெற்றது. தொலைவில் தவிக்கும் நோயாளிக்கு ஆள் இல்லாத விமானம் மூலம் உதவுவதே அந்தப் போட்டியின் நோக்கம்.

2022-ல் தமிழக அரசும் ஆள் இல்லாத விமானங்களுக்கு என்று தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கியது.

கடலில் மறைந்த 29 பேர்

ஆள் இல்லாத எந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சோகக் கதை பதில் சொல்லும்.

2016-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலை, தாம்பரத்தில் இருந்து அந்தமானுக்கு ஒரு ராணுவச் சரக்கு விமானம் கிளம்பியது. அது ஏ.என்.-32 இனம். உள்ளே 29 பேர் இருந்தார்கள். வங்கக் கடலின் மேல் பறக்கையில் விமானம் மறைந்துபோனது. கப்பல்களும் விமானங்களும் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஏழரை ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜனவரியில் பதில் கிடைத்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆள் இல்லாத நீர்மூழ்கி எந்திரம் கடலின் அடியில் படம் எடுத்தது. சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரம். ஆழம் 3 ஆயிரத்து 400 மீட்டர். மனிதன் மூழ்கிப் போக முடியாத அந்த இடத்தில் விமானத்தின் சிதைவுகள் கிடந்தன.

காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தச் செய்தி ஆறுதல் அல்ல. ஆனாலும் ஒரு முடிவு. அதைத் தேடிக் கொடுத்தது ஆள் இல்லாத எந்திரம்.

சிவகாசியில் எச்சரிக்கை

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் கரிசல் காடு பரந்து கிடக்கிறது. கோடையில் கண்மாய் வற்றினால் தரை மட்டமாக இருக்கும். பறக்கவிட நல்ல இடம் என்று தோன்றும். ஆனால் இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் காட்டுக்குள்தான் பட்டாசு ஆலைகளும் இருக்கின்றன.

10 கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் என்ன ஆகும்? 10 கிலோ மூட்டை ஒன்று நான்கு மாடி உயரத்தில் இருந்து விழுந்ததற்குச் சமம்! அது மட்டுமா? உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றும். அந்தத் தீ எளிதில் அணையாது.

சின்ன உரசலுக்கே வெடிக்கும் மருந்து இருக்கும் அறையின் கூரையில் அது விழுந்தால்? 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிபட்டியில் நடந்த விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே நாளில் போயின. ஆகவே ஆலைகள் இருக்கும் திசையில் எந்தக் காரணம் கொண்டும் பறக்கவிடலாகாது. பேட்டரியை வீட்டில் சார்ஜ் செய்யும்போதும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பட்டாசுச் சாமான் இருக்கும் வீட்டில் அந்த வேலையே கூடாது.

மத்திய அரசு 2021-ல் டிரோன் விதிகளை வெளியிட்டது. படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண் பார்வைக்குள் பறக்கும் 25 கிலோ வரையுள்ள விமானத்தை அந்த விதிகள் "மாதிரி விமானம்" என்று வகுத்தன. தடை இல்லாத பகுதியில்கூட 400 அடிக்கு மேல் போகக் கட்டுப்பாடு வைத்தன. விமான நிலையத்தை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு அதிகம். வரைபடத்தைப் பார்த்து, இடம் அனுமதிக்கப்பட்டதுதானா என்று தெரிந்துகொண்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

கைவேலை நம்முடையது

1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்த ஒரு பயணம் வறண்ட பூமிக்குப் பிழைப்புக் கொடுத்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன.

காகிதத்தை மடிப்பது, பசை தடவுவது, குச்சியை அளவாகச் சீவுவது, ஒரு குன்றிமணி எடைகூட மிஞ்சாமல் நிறுத்துப் போடுவது. இவை எல்லாம் இந்த ஊர்க் கைகளுக்கு வந்த வித்தை. விமானம் செய்யத் தேவைப்படுவதும் இதே வித்தைதான்.

என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் மாணவ மாணவியருக்கு மாதிரி விமானம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிப்பு இருக்கிறது. எந்த விமானம் அதிகச் சுமை தூக்குகிறது என்று பார்க்கும் மாணவர் போட்டி அமெரிக்காவில் 1986-ல் தொடங்கியது. சென்னையிலும் இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன.

பையன் தெர்மாகோலை வெட்டி வீடெல்லாம் குப்பை ஆக்குகிறான் என்று அம்மா கோபிப்பது நியாயம்தான். குப்பையைக் கூட்டச் சொல்லுங்கள். கத்தியை மட்டும் பிடுங்க வேண்டாம். பெண் பிள்ளை கேட்டால் அவளுக்கும் ஒரு கத்தி கொடுங்கள்!